முற்றத்தில் ஒரு மரம் வேண்டும்

1937 யூலை 31, சனிக்கிழமை, காலை பத்து இருபது. கோப்பாய் பஸ்ஸிலிருந்து இறங்கிய மகாதேவி மாடிப்படி ஏறி வந்து, காட்டிய நாற்காலியில் இருக்காமலே கேட்டாள்.

"என்ரை மோனுக்கு இடம் பாத்துக் குடுத்தது ஆர்?"

ஏர்னெஸ்ட் எழுந்து நின்றான். அவனைத் தேடி இப்படி ஒருவர் படியேறி வருவது அபூர்வம். மலாயாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்குமிடம் பிடிப்பது, கார் பேசுவது, எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று தட்டச்சில் அடித்துக் கொடுப்பது அவனுடைய தொழில். யாழ்ப்பாணத்தில் அந்தத் தொழில் வேறு ஒருவருக்கும் இல்லை. அவனுக்கும் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"நான்தான் அம்மா. ஏன், இடம் பிழையோ?"

"இடம் பிழையில்லை. அவனுக்கு என்னத்துக்கு இடம்? கோப்பாயிலை வீடு கிடக்கு. நாலு அறை கிடக்கு. ஒன்பது வரியமாக் காணாத பிள்ளை, ஆற்றையோ வீட்டிலை படுக்கப் போறானாம்."

சன்னலோரம் இருந்த சோமசேகரம் பத்திரிகையை மடித்து வைத்தார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு, பிறர் சொல்லாமல் விட்டதைக் கேட்கத் தொடங்கினார். பொலிசுக்குக் கொண்டுபோக முடியாத காரியங்களோடு ஆட்கள் அவரிடம் வருவார்கள். அறை அவருடையது. ஏர்னெஸ்ட் அதில் ஒரு மேசை போட்டிருந்தான்.

"இருங்கோ அம்மா. முதலிலை இருந்து சொல்லுங்கோ."

அவள் இருந்தாள். சொன்னாள். கணவருக்கு மலாயாவில், சிரம்பானில் றெயில்வே உத்தியோகம். மகன் தில்லைநாதனை ஒன்பது வருடத்துக்கு முன் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். அந்த மகன் வருகிற செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் வருகிறான். ஒரு கிழமை நின்று அடுத்த செவ்வாய் திரும்பிப் போகிறான். முன்னம் இரண்டு சம்பந்தம் குழம்பி, இருபத்தெட்டு வயதாகிவிட்ட தங்கை மீனாம்பிகைக்கு ஆவணி பத்தாந் திகதி கலியாணம்.

"தங்கச்சிக்குக் கலியாணம். இவன் அதுக்கு முதலே வந்து, அதுக்கு முதலே போறான். லீவு இல்லையாம். கலியாண வீட்டிலை இடம் நெருக்கமாம்."

"தகப்பன்?"

"இவருக்குக் கை விரல் வீக்கம். எட்டு மாசமா மோன்தான் இவருக்காக எழுதுறான்."

அவள் பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்தாள். சோமசேகரம் ஒவ்வொன்றாகப் படித்தார். ஏர்னெஸ்ட் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தான். பழையவை ஒரு கிழவரின் சாய்ந்த எழுத்து. *அடுத்த பார்சலில் புழுக்கொடியல் கூட வை. போன முறை மிளகாய்த்தூளில் உப்பு அதிகம். எனக்கு இரண்டு சால்வை வேண்டும், கரை மெல்லிசாகப் பார்த்து எடு.* கடைசி எட்டும் இளைய எழுத்து. *நான் சுகம். கலியாணத்தை ஆவணியிலேயே வை. தள்ளிப் போடாதே.*

"பார்சல் கடைசியா எப்ப அனுப்பினனீங்கள்?"

"கார்த்திகையிலை. பேந்து கேக்கேல்லை."

"நீங்களாய் அனுப்பேல்லையோ?"

மகாதேவி கடிதங்களை அடுக்கிக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

"ஏன் அவன் வீட்டுக்கு வரேல்லையெண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ ஐயா. வேறை ஒண்டும் வேண்டாம்."

"பின்னேரம் வீட்டை வந்து சொல்லுறன்" என்றார் சோமசேகரம்.

அவள் படியிறங்கும் ஓசை நிற்கும் வரை ஏர்னெஸ்ட் பொறுத்திருந்தான்.

"அண்ணை, உது எனக்குத் தெரியும். ஆள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டுது."

"எப்பிடி?"

ஏர்னெஸ்ட் தன் கோப்பைத் திறந்தான். தில்லைநாதனுக்கு அவன் மூன்று இடங்கள் எழுதியிருந்தான். வண்ணார்பண்ணையில் ஒரு சைவ விடுதி, அரசாங்க வாடிவீடு, குருநகரில் அறை வாடகைக்கு விடும் கத்தரீனாவின் வீடு. தில்லைநாதன் எழுதியிருந்த பதில் ஒரே வரி: *கிறிஸ்தவ வீடு நல்லது.* நாட்திட்டத்தில் ஏர்னெஸ்ட் நல்லூரைப் போட்டிருந்தான். அதற்கும் ஒரு வரி: *கோயில்கள் வேண்டாம்.*

"சைவ விடுதி வேண்டாம், கோயில் வேண்டாம். தாயின்ரை முகத்திலை முழிக்கப் பயம். வேறை என்ன?"

"உம்மடை ஆக்கள் ஒருத்தர் கூடினதிலை உமக்குச் சந்தோசம்" என்றார் சோமசேகரம். "திட்டத்தைத் தாரும்."

புதன், கோட்டை. வியாழன், ஊர்காவற்றுறை. வெள்ளி, விடிய நாலு மணிக்குக் கீரிமலை. சனி, பருத்தித்துறை வெளிச்சவீடு. ஞாயிறும் திங்களும், கோப்பாய்.

"வெள்ளிக்கிழமை ஆர் போட்டது?"

"அவர்தான். நான் கீரிமலைக்கு ஞாயிறு போட்டனான். வெள்ளிக்கிழமை சனம் நெரியும், தண்ணிக்குக் கிட்டவும் போகேலாதெண்டு கார்க்காரன் சொன்னான். அதை எழுதினன். இல்லை, வெள்ளிதான் வேணுமெண்டு பதில் வந்தது."

சோமசேகரம் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு சால்வையை எடுத்தார்.

குருநகரில் கத்தரீனா வாசலிலேயே அவர்களைப் பிடித்துக்கொண்டாள். கடற்காற்றில் மீன் மணமும் அவளுடைய குரலும் ஒன்றாக வந்தன.

"ஏர்னெஸ்ட் தம்பி, நீர் கூட்டிவாறதெல்லாம் ஏன் விசராக் கிடக்கு? போன மாசம் வந்தவர் நித்திரையிலை பாடினவர். உவர் வர முதலே துவங்கிட்டார்."

"என்ன செய்தவர்?"

"எனக்கு வேறையாக் கடிதம் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை புதுச் சட்டியிலை சமைக்கட்டாம். அண்டைக்கு வீட்டிலை மீன் காய்ச்சக் கூடாதாம். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடுறேல்லை, சரி. மீனும் இல்லையெண்டா நான் கல்லையே கடிக்கிறது? பேந்து, காத்தோட்டிக்காய்க் கறி வேணுமாம். நான் என்ரை வாழ்நாளிலை அதைச் சமைச்சதில்லை. சந்தையிலை கேட்டா, பத்தையிலை காய்க்கிற கைப்புக் காய் எண்டினம். மலாயாவிலை இருந்து கப்பல் ஏறி வந்து ஒருத்தர் கைப்புக் காய் தின்னுவரோ?"

ஏர்னெஸ்ட் சிரித்தான். சோமசேகரம் சிரிக்கவில்லை.

"வேறை ஏதும் கேட்டவரோ?"

"கேட்டவர். முத்தத்திலை மரம் நிக்குதோ எண்டு கேட்டவர். சன்னலாலை பாத்தாத் தெரிய வேணுமாம். கொப்பு கைக்கு எட்ட வேணுமாம். அலுமாரி வேணுமோ, பூட்டு வேணுமோ எண்டு நான் கேட்டு எழுத, ஒண்டும் வேண்டாம், மரம் இருந்தாக் காணுமெண்டிட்டார். ஊஞ்சல் ஆடப் போறாராக்கும்."

முற்றத்தில் ஒரு பூவரசு நின்றது. சோமசேகரம் அதனடிக்குப் போனார். தாழ்ந்த கொப்பு ஒன்றைக் கையை உயர்த்தித் தொட்டார். பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார். கோயில் வாசலில் சைவக்காரர் அப்படி நிற்பதை ஏர்னெஸ்ட் கண்டிருக்கிறான். ஒரு பூவரசுக்கு முன்னால் ஏன் நிற்கிறார் என்று விளங்கவில்லை.

பின்னேரம் கோப்பாய்க்குப் போகையில் ஏர்னெஸ்டே காரை ஓட்டினான். இருபாலைச் சந்தி தாண்டியதும் சோமசேகரம் நிறுத்தச் சொன்னார். இரு பக்கமும் புகையிலை அறுத்த தோட்டம். ஆள் இல்லை.

"ஓகஸ்ட் ஆறு வெள்ளிக்கிழமை என்ன நாள் தெரியுமோ?"

"ஓகஸ்ட் ஆறு."

"ஆடி அமாவாசை. தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளையள் விரதம் பிடிக்கிற நாள். விடியக் கீரிமலையிலை முழுகித் தர்ப்பணம் செய்து, ஒரு நேரம் சாப்பிடுவினம். காத்தோட்டிக்காய் எங்கடை வீடுகளிலை கறிக்கு வாறது அண்டைக்குத்தான். தாய்க்குப் பிடிக்கிற விரதம் வேறை, அது சித்திரையிலை."

ஏர்னெஸ்ட் இயந்திரத்தை அணைத்தான்.

"தகப்பன் உயிரோடை இருக்கிறவர் எண்டு..."

"தகப்பன் உயிரோடை இருக்கிறவன் உந்த விரதம் பிடியான். பிடிச்சா அது தகப்பனுக்குக் கூடாது. அந்தப் பிழையை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் விடாயினம்."

"அப்ப கிறிஸ்தவ வீடு?"

"சைவ வீட்டிலை போய்க் காத்தோட்டிக்காய் கேட்டிருந்தா, 'தகப்பன் எப்ப மோசம் போனவர்?' எண்டுதான் முதல் கேள்வி வந்திருக்கும். கத்தரீனா ஊஞ்சல் எண்டு சிரிச்சா. அந்தச் சிரிப்புத்தான் அவனுக்கு வேணும்." சோமசேகரம் அவன் பக்கம் திரும்பினார். "உம்மட்டை வந்ததும் அதாலைதான், தம்பி. உம்மடை பேரைப் பாத்து."

ஏர்னெஸ்ட் தட்டச்சில் அடித்த அந்தத் தாளை நினைத்தான். ஓரம் விட்டு, சிவப்பு நாடாவில் கிழமைகளை அடித்து, அழகாகச் செய்திருந்தான்.

"கோயில்?"

"வருசம் திரும்பேல்லை. சாவுத் துடக்குக் காத்துக்கொண்டு கோயிலுக்குப் போகாமல் இருக்கிறான். தங்கச்சியின்ரை மணவறைக்குக் கிட்டவும் நிக்கமாட்டான். அதாலைதான் முதலே போறான்."

"மரம்?"

"தகப்பனின்ரை சாம்பல் கொண்டு வாறான், கீரிமலைக் கடலிலை கரைக்க. அதை வீட்டுக்குள்ளை எடுக்கிறேல்லை. வெளியிலை மரத்திலை கட்டித் தூக்கி வைக்கிறது. கலியாணப் பந்தல் போடுற முத்தத்திலை எந்த மரத்திலை கட்டுவான்? தாய் 'உது என்ன?' எண்டு கேட்டா என்ன சொல்லுவான்?"

தோட்டத்துக்கு அப்பால் யாரோ கிணற்றில் துலா மிதிக்கும் ஓசை கேட்டது.

"கடிதத்திலையும் கிடந்தது" என்றார் சோமசேகரம். "முந்தின கடிதமெல்லாம் அந்த மனுசன் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். புழுக்கொடியல் கேட்டார், சால்வை கேட்டார், உப்புக் கூடிப்போச்செண்டு பேசினார். கடைசி எட்டிலையும் ஒண்டும் கேக்கேல்லை. கலியாணத்தை நடத்து எண்டது மட்டும்தான்."

"ஏன் ஒளிக்கிறான்?"

"செத்தது தெரிஞ்சாக் கலியாணம் ஒரு வருசத்துக்கு நிண்டுபோம். மீனாம்பிகைக்கு இருபத்தெட்டு வயசு. முன்னம் ரண்டு இடம் பேசிக் குழம்பினது. இது மூண்டாவது. மாப்பிள்ளை வீடு ஒரு வருசம் பாத்துக்கொண்டு இருக்குமோ? தங்கச்சியைக் கரையேத்திப்போட்டு அழுவம் எண்டு நினைச்சிருக்கிறான். பாவம், தனிய நிண்டு நினைச்சிருக்கிறான்."

"தாய்க்கு என்ன சொல்லப் போறியள்?"

"கூட வேலை செய்யிற ஆக்கள் ரண்டு பேர் அவனோடை வருகினம், அவையளைத் தனிய விடேலாமல் பட்டினத்திலை நிக்கிறான் எண்டு சொல்லப் போறன்."

முப்பது வருடம் ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லாதவர். ஏர்னெஸ்ட் அவர் முகத்தைப் பார்க்காமல் காரைக் கிளப்பினான்.

"நீர் வாய் திறக்கக் கூடாது" என்றார் அவர். "கேட்டா, திட்டத்திலை கீரிமலை இல்லை."

கோப்பாயில் பந்தலுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். கமுக மரங்கள் வேலியோரம் கிடந்தன. உள்ளே பெண்கள் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டு சிரித்தார்கள். மகாதேவி வெளி விறாந்தையில் பாய் விரித்து அவர்களை இருக்கச் சொன்னாள். தானும் எதிரே தூணோடு இருந்தாள்.

சோமசேகரம் பொய்யை நன்றாகச் சொன்னார். நண்பர்களுக்குப் பெயர் வைத்தார். ஒருவருக்கு வயிற்றுக் கோளாறும் கொடுத்தார். மகாதேவி குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். பிறகு ஏர்னெஸ்ட் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை என்ரை பிள்ளையை எங்கை கூட்டிக்கொண்டு போறீர்?"

"பருத்தித்துறைக்கு அம்மா. வெளிச்சவீடு பாக்க."

தடக்கமில்லாமல் வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அவன் பொய் சொன்னதில்லை.

மகாதேவி தலையை ஆட்டினாள்.

"நீர் பேசின கார்க்காரன் எங்கடை ஊர் ஆள். முந்தநாள் வந்து சொன்னவன். விடிய நாலு மணிக்குக் கீரிமலைக்கு ஏத்திக்கொண்டு போக வேணுமெண்டு, உங்கடை மோன் எழுதியிருக்கிறாராம் எண்டு."

சோமசேகரம்தான் கேட்டார்.

"அப்ப காலமை ஏன் வந்தனீங்கள்?"

"நான் படியாதவள் ஐயா. பிழையா விளங்கியிருப்பன். நீங்கள் படிச்ச ஆக்கள், 'இல்லை மகாதேவி, உது வேறை காரணம்' எண்டு ஏதாவது சொல்லுவியள் எண்டு வந்தனான்." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "சொன்னியள்தான். உங்கடை முகம் சொல்லேல்லை."

"அம்மா..."

"எட்டு மாசம். நான் இஞ்சை தலை இழுத்துப் பூ வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். தைப்பொங்கலுக்குப் புதுச்சேலை உடுத்தனான். அங்கை அந்த மனுசனை ஆர் குளிப்பாட்டினது, ஆர் வாய்க்கரிசி போட்டது, ஒண்டும் தெரியாது."

சோமசேகரம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏர்னெஸ்டுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆறுதல் சொல்லப் பல வசனங்கள் படிப்பித்திருந்தார்கள். ஒன்றும் தமிழில் வரவில்லை.

உள்ளேயிருந்து மீனாம்பிகையின் குரல் வந்தது. "அம்மா, மா காணுமோ? இன்னும் ரண்டு கொத்து அரிக்கட்டோ?"

"அரி பிள்ளை" என்றாள் மகாதேவி. எப்போதும் போன்ற குரல். "நல்லா அரி. கட்டி விழாமல்."

உள்ளே திரும்பவும் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து வாயருகே பிடித்துக்கொண்டு, இவர்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டாள்.

"எந்த நாளிலை எங்கை போறது, எங்கை நிக்கிறது எண்டெல்லாம் எழுதிக் குடுக்கிறியள். என்ரை மனுசனுக்கு நான் எந்த நாளிலை அழுறது, தம்பி?"