வாரின் அளவு

துப்பாக்கியின் தோள்வார் மறுபடியும் குட்டையாகியிருந்தது.

தலைவழியே மாட்டியபோது அது சிவநேசனின் பிடரியை இழுத்துப் பிடித்தது. வயிற்றின் மேல் சாய்வாகக் கிடக்கவேண்டிய சப்-மெஷின் கன், மார்பெலும்பில் முட்டிக்கொண்டு நின்றது. நேற்றுப் பணி முடிந்து ஒப்படைத்தபோது வாரைத் தன் உயரத்துக்கு நீட்டி, கொக்கியை அழுத்திப் பூட்டித்தான் கொடுத்தான். கொடுத்ததாகத்தான் நினைவு. ஆனால் வீட்டை விட்டு இறங்கிய பிறகு அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பவும் மாடியேறுகிறவன் அவன். தன் நினைவை அவன் ஒருபோதும் முழுதாக நம்பியதில்லை.

"சார்ஜன், என் துப்பாக்கிய வேற யாராச்சும் எடுத்தாங்களா?"

ஆயுத அறையின் கம்பிச் சன்னலுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த சார்ஜன் கமலநாதன் தலையை நிமிர்த்தவில்லை.

"உன் பேர்ல குடுத்த சாமான எவன் தொடுவான்?"

"வார் குட்டையா இருக்கு."

"அப்ப நீ வளந்துட்ட லா. போய் வேலையப் பாரு."

சிவநேசன் கொக்கியை நெம்பி வாரை இழுத்து விட்டான். துணி ஈரமாக இருந்தது. கிள்ளான் நகரில் மழை பெய்து நாளாகியிருந்தது; முற்றத்தில் நின்ற ரோந்துக் கார்களின் மேல் தூசி படிந்திருந்தது. அவன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். துப்பாக்கி எண்ணெயின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நன்றாகத் துவட்டாமல் கொண்டை போட்ட தலைமுடியில் வருகிற, புழுங்கிய வாடை.

சாலைத் தடுப்புச் சோதனையில் அவனுக்கு ஒரே வேலைதான். கூட்டாளி ஷபீர் முன்னால் நின்று வண்டிகளை நிறுத்தி, சன்னலோரம் குனிந்து பேசுவான். சிவநேசன் சில அடி பின்னால், துப்பாக்கியின் வாய் தரையைப் பார்க்க நிற்பான். வண்டிக்குள்ளிருந்து எவனாவது கத்தியோ துப்பாக்கியோ எடுத்தால் ஷபீரைக் காப்பாற்ற வேண்டியவன் அவன். அந்த இடத்தில் நிற்பவனுக்கு முன்னால் எப்போதும் தெரிவது கூட்டாளியின் முதுகு மட்டுமே. தன் பின்னால் சிவநேசன்தான் வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டு வாங்கியவன் ஷபீர்.

"மத்தவனுங்க சுடத் தெரிஞ்சவனுங்க மச்சான்," என்பான். "எனக்கு சுடாம இருக்கத் தெரிஞ்ச ஆளுதான் வேணும்."

அன்று மாலை கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையில் கூம்புகளை வைத்து முடித்தபோது சிவநேசன் வழக்கம்போலக் கட்டைவிரலால் பாதுகாப்பு விசையைத் தடவிப் பார்த்தான். வெள்ளைக் கோட்டில் இருந்தால் சுடாது. சிவப்பில் இருந்தால் சுடும். விரல் வெள்ளையை எதிர்பார்த்தது. விசை சிவப்பில் இருந்தது.

அவன் அதை மெல்ல வெள்ளைக்குத் தள்ளினான். முன்னால் ஷபீர் ஒரு லோரிக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டை முதுகில் வியர்வை ஓர் இலையின் வடிவில் படர்ந்திருந்தது. சிவநேசன் நினைவைப் பின்னோக்கி ஓட்டினான். வேனில் ஏறும்போது விசையைப் பார்த்தோமா? பார்த்தோம். இறங்கும்போது? உடுப்பில் உரசி நகர்ந்திருக்கலாம். உரசினால் நகருகிற விசை அல்ல அது. பணி முடிகிறவரை அவன் கட்டைவிரலை விசையை விட்டு எடுக்கவேயில்லை. அந்த விரல் மரத்துப்போன பிறகு, விசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு விரல் மெதுவாக, பொறுமையாக அழுத்திக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் வந்தது. தலையை உதறிக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியதும் குளிக்கப் போனான். குளித்துவிட்டு வந்தபோது மனைவி வாணி அவனுடைய சீருடைச் சட்டையை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மோனோரயில் போகும் சத்தம் சன்னல் கண்ணாடியை அதிரவைத்துவிட்டு அடங்கியது.

"இது யாரோடது?"

சட்டையின் நெஞ்சுப் பகுதியில், மேல் பொத்தானைச் சுற்றிக்கொண்டு ஒரு நீண்ட தலைமுடி. வாணியின் முடி தோளுக்கு மேல் வெட்டியது.

"தெரியல."

"தெரியலயா? நெஞ்சுல சாஞ்சிருக்கா, தெரியலங்கிறீங்க." அவள் பாதி சிரித்தாள். மீதியைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டாள். "ஸ்டேஷன்ல புதுசா யாரும் வந்திருக்காங்களா? சொல்லிருங்க, நான் பாட்டுக்கு நல்லபடியா அம்மா வீட்டுக்குக் கெளம்பிருவேன்."

"வாணி, சும்மா இரு."

அவள் சட்டையை முகர்ந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "சென்ட் வாடையாச்சும் அடிக்கும்னு பாத்தேன்," என்றாள். "தண்ணில கெடந்த துணி மாதிரி நாறுது." சட்டையைத் துவைக்கிற கூடையில் போடாமல், கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் சிவநேசன் பணி நேரத்துக்கு வெகு முன்னதாகவே ஆயுத அறைக்குப் போனான். வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"எனக்கு வேற துப்பாக்கி குடுங்க சார்ஜன்."

கமலநாதன் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எவனாச்சும் சொல்லிட்டானா?"

"என்ன சொல்லணும்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அது வேற மாவட்டத்துலேருந்து வந்த சாமான். கேஸ் முடியிற வரைக்கும் பூட்டி வச்சிருந்தாங்க. உஷாராணின்னு ஒரு புள்ள. போலீஸ்தான். குள்ளமா, இவ்ளோதான் இருப்பா." தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். "உன்ன மாதிரியே ரோட்டுல பின்னால நின்னா. நல்ல மழை. துப்பாக்கி நனையக் கூடாதுன்னு அதுக்கு மேலயே மழைக்கோட்டப் போட்டுக்கிட்டா. எல்லாரும் செய்யறதுதான், நானே செஞ்சிருக்கேன். கோட்டுக்கு இடுப்புல ஒரு கயிறு இருக்கும் பாரு. அது உள்ள போய் சுடுற விசையில சிக்கிக்கிச்சு. இவ திரும்பினதும் வெடிச்சிருச்சு. முன்னால கூட்டாளி நின்னுக்கிட்டிருந்தான்."

சிவநேசன் அலமாரியில் இருந்த அந்தத் துப்பாக்கியைப் பார்த்தான்.

"அதுக்கப்புறந்தான் மழை பேஞ்சா துப்பாக்கி கோட்டுக்கு வெளியதான் தொங்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள அன்னைக்கு வாரக் கழட்ட வுடல. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே நின்னாளாம். வெட்டித்தான் எடுத்தாங்க. ரொம்ப நாள் உசுரோட இருக்கல, அந்த வருசமே போய்ட்டா." அவர் தொண்டையைச் செருமினார். "வார் புதுசு. நான்தான் போட்டேன். அதுக்குப் பயப்படாத."

"மாத்திக் குடுங்க."

"மாத்தலாம். காரணம் கேப்பாங்க. வார் சுருங்குதுன்னு சொல்லுவியா? நேரா மனநல டாக்டர்கிட்ட அனுப்பி, துப்பாக்கியே வேணாம்னுருவாங்க. ஷபீர் பின்னால அந்தப் புது ஆளு வந்து நிப்பான். எந்நேரமும் சுடுற விசையிலயே விரல வச்சிக்கிட்டு நிப்பானே, அவன். பரவால்லன்னா சொல்லு, இப்பவே எழுதுறேன்."

சிவநேசன் கம்பிச் சன்னலைப் பிடித்துக்கொண்டான். புது ஆளின் விரலை நினைத்துப் பார்த்தான். தன் விரலையும் பார்த்தான். கவனமாக இருப்பது ஒன்றுதான் தனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்தால் போதாதா?

"எழுத வேணாம்," என்றான்.

அன்று மாலை அவன் வேலையில் முதன்முறையாக ஒரு விதியை மீறினான். சாலையில் இறங்கியதும் துப்பாக்கியின் ஏற்றுப்பிடியைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை அதன் அறைக்குள் ஏற்றிவிட்டு, விசையை வெள்ளையில் வைக்க வேண்டும். அவன் பிடியை இழுக்கவில்லை; தோட்டா அறைக்குள் ஏறவில்லை. யாருக்கும் தெரியாது. அறை காலி. விசை எங்கே நகர்ந்தாலும், எதில் என்ன சிக்கினாலும், இரும்பு இரும்பில் தட்டும், அவ்வளவுதான். மனம் லேசாக இருந்தது.

பக்கத்துப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடிகிற நேரத்தில் மழை வந்தது. முதலில் கிடங்குகளின் தகரக் கூரைகளில் தூரத்தில் ஒரு சலசலப்பு. பிறகு அது கூரை கூரையாகத் தாவி நெருங்கி, தார்ச்சாலையின் சூட்டை ஆவியாக எழுப்பிக்கொண்டு அவர்கள் மேல் விழுந்தது. சிவநேசன் துப்பாக்கியைக் கழற்றி வேனின் இருக்கையில் வைத்தான். மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக் கழுத்திலிருந்து முழங்கால்வரை பொத்தான்களை அழுத்தினான். இடுப்புக் கயிற்றை உருவி எறிந்தான். பிறகு துப்பாக்கியைக் கோட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டான். வெளியே. கையால் தொட்டுப் பார்த்தான். வெளியேதான்.

"டேய் சிவா, மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சிச்சா?" என்று ஷபீர் தன் தலைமறைப்பை இழுத்துக்கொண்டே கத்தினான். "நான் இங்க நனைஞ்ச கோழியா நிக்கிறேன் லா."

"வரேன், வரேன்."

ஒளிவிளக்கின் வெளிச்சத்தில் மழை சரம் சரமாகத் தெரிந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. துடைப்பான்களின் முனகல், டீசல் புகை, ரப்பர் காலணிக்குள் ஏறிய நீரின் குளிர். தலைமறைப்பின் மேல் விழும் துளிகளின் சத்தத்தில் மற்ற எல்லாச் சத்தமும் பஞ்சுக்குள் போனதுபோல மங்கியது. அந்த மங்கலுக்குள் சிவநேசன் ஒரு மூச்சைக் கேட்டான். தன் மூச்சுதான் என்று நினைத்தான். தன் மூச்சை நிறுத்திப் பார்த்தான்.

அது நிற்கவில்லை.

குளிரில் நடுங்குகிற ஒருவரின் சின்னச் சின்ன மூச்சு. காதோரத்தில் இல்லை. பின்னாலும் இல்லை. கீழே, மோவாய்க்குக் கீழே.

அவன் குனிந்து பார்த்தான். மஞ்சள் கோட்டின் மேல் மழைநீர் தடையில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. துப்பாக்கியைக் காணவில்லை. வாரையும் காணவில்லை.

கோட்டின் முன்பக்கம் உப்பியிருந்தது.

வெளியேதான் மாட்டினான். தொட்டுப் பார்த்தான். பார்த்தானா? கழுத்தருகே பொத்தானைப் பிய்த்தான். பிய்ந்தது. அடுத்ததைப் பிய்ப்பதற்குள் முதலாவது டப்பென்று மூடிக்கொண்டது. மறுபடி பிய்த்தான். மறுபடி மூடியது. உள்ளேயிருந்து.

அறை காலி. அதை மட்டும் சொல்லிக்கொண்டான். அறை காலி. அறை காலி.

கோட்டுக்குள் இரும்பு பின்னால் இழுபட்டது. முன்னால் பாய்ந்தது. அவனுக்கு மிகப் பழக்கமான சத்தம். தோட்டா ஏறிவிட்டது.

கத்த வாயைத் திறந்தான். வார் கழுத்தை இறுக்கியது. குரல் வரவில்லை. விலகிவிடலாம். ஷபீரின் முதுகை விட்டு விலகி, சாக்கடைப் பக்கம் திரும்பினால் போதும். திரும்பினான். நெஞ்சின் மேல் ஒரு முதுகு அழுந்தியது. குறுகலான, சில்லென்ற முதுகு. அது அவனை மெதுவாகத் திருப்பி, பழைய இடத்தில் நிறுத்தியது.

மோவாயின் கீழ் ஈரமான முடி.

முன்னால் ஷபீர் ஒரு லோரியின் சன்னலோரம் எக்கி நின்று லைசன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தான். லோரிக்காரர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தார். நீட்டிய அட்டை அவர் கையிலிருந்து நழுவிச் சாலையில் விழுந்தது. அவர் இருக்கைக்குக் கீழே சரிந்தார்.

"என்ன அங்கிள், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஷபீர் திரும்பினான்.

உதட்டில் ஏதோ கிண்டல் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. அவன் கண்கள் சிவநேசனின் முகத்தைத் தேடி வந்து, பாதியில் நின்றன. நெஞ்சு உயரத்தில். முகத்தில் வழிந்த நீரைத் துடைக்கக்கூட அவன் அசையவில்லை. பிறகு இரண்டு கைகளையும் மிக மெதுவாகத் தோளுக்கு மேலே தூக்கினான்.

"அக்கா," என்றான். பயந்த குழந்தையிடம் பேசுகிற குரல். "அக்கா, வேணாம். கீழ வச்சிருங்க."

சிவநேசன் தன் கைகளைப் பார்த்தான். அவை இரண்டும் கோட்டின் மஞ்சள் கைகளுக்கு வெளியே, மழையில், விரல்கள் விரிந்து வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

அவற்றுக்கு நடுவே கோட்டின் முன்பக்கம் மேலெழுந்து, ஷபீரை நோக்கிக் கூராக நீண்டது.