அந்த அரை மணி எங்கே?

"வீல்ல்ல்...!"

நான்கு மணி சைரன் ஊதி ஓய்வதற்குள் அந்த அலறலும் ஓய்ந்துவிட்டது.

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய கப்பல் கம்பெனி குடோன். சங்கு மூட்டைகளுக்கு நடுவே குடோன் மேனேஜர் ஞானதீபம் மல்லாந்து கிடந்தார். மண்டையில் இரும்புக் கொக்கி! பக்கத்தில் பிரிந்து கிடந்த மூட்டையில் சங்குகளோடு... கடத்தல் வாட்சுகள்!

வருடம் 1978. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து, புது புரோகிராம் ஓடிய முதல் நாளே கொலை. ராசியான மெஷின்தான்!

இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம் கம்ப்யூட்டர் அறையில் ஒரு நீளக் காகிதத்தை நீட்டினார்.

"ஏம்மா கிரேசி, நீ எழுதின புரோகிராம் அடிச்ச லிஸ்ட்டுதானே இது? குடோன் கேட்ல யார் கார்டு போட்டாலும் நேரம் பதியும். படி."

கிரேசி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"ஜெயசிங்... உள்ளே 3.50. வெளியே 4.05."

"அலறல் கேட்டது சரியா நாலு மணிக்கு. சைரனோட சேத்து லோடுமேன் சிலுவை கேட்டிருக்கான். அந்நேரம் உள்ளே இருந்தது உன் புருஷன் மட்டுந்தான்!"

விலங்கோடு நின்ற குடோன் கிளார்க் ஜெயசிங் கதறினான்.

"நான் போகும்போதே அவரு செத்துக் கெடந்தாரு சார்! பயந்து ஓடியாந்துட்டேன்!"

"எல்லாவனும் இதத்தாம்ல சொல்லுதான்!"

கம்ப்யூட்டர் மேனேஜர் சங்கரபாண்டியன் உச்சுக் கொட்டினார்.

"பாவம்... நானும் அங்கன போனேன் சார். ஆனா 3.35-க்கே வெளிய வந்துட்டேன். லிஸ்ட்டுல இருக்கே!"

இதைக் கேட்காமலே ஏன் சொல்கிறார்...? கிரேசியின் கண்கள் காகிதத்தில் ஓடி, கடைசி வரியில் நின்றன. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்... நீங்க எத்தன மணிக்கு குடோனுக்குள்ள போனீங்க?"

"அஞ்சு பத்து. டைரில எழுதியிருக்கேன். வாட்ச்மேன் என்னையும் விசிட்டர் கார்டு போட வச்சிட்டான். ஏன்?"

"லிஸ்ட்டுல 4.40!"

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிடுங்கினார்.

"ஐயோ, எந் தப்பு சார்! கப்பலுக்கு ஏத்த மாதிரி கேட் கடியாரத்துல லண்டன் நேரம். நம்ம நேரம் வர அதோட அஞ்சரை மணி கூட்டணும். நான் அந்த அஞ்சரைய முழு எண்ணு மட்டும் நிக்கிற எடத்துல போட்டுட்டேன். புரோகிராம் எழுதுற ஃபோர்ட்ரான் மொழி அரைய வெட்டிட்டு, வெறும் அஞ்சைக் கூட்டியிருக்கு! லிஸ்ட்டுல எல்லா நேரமும் அரை மணி கம்மி!"

"ஏளா, புருஷனக் காப்பாத்த கத விடுதியா?" சங்கரபாண்டியன் சீறினார்.

"என் டைரி கத விடாது." இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "ஜெயசிங் 3.50... அப்போ நெசத்துல நாலு இருபது. கொலை முடிஞ்ச பொறவு! சரி, நாலு மணிக்கு உள்ளே இருந்தது..."

பேனா மேலே ஊர்ந்தது.

"3.20 உள்ளே. 3.35 வெளியே. நெசத்துல மூணு அம்பதுலேருந்து நாலு அஞ்சு வரைக்கும்... நீரு!"

சங்கரபாண்டியன் கதவை நோக்கிப் பாய்ந்தார். கான்ஸ்டபிள் காலை நீட்டினார்.

தடால்!

சட்டைப் பையிலிருந்து மூன்று ஃபாரின் வாட்சுகள் தெறித்தன.

கிரேசி கணவனின் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "எந் தப்பு உங்களத் தூக்குல ஏத்தப் பாத்துச்சே!"

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றி, சங்கரபாண்டியனின் கையில் மாட்டினார்.

"நடங்க அண்ணாச்சி! பதினாலு வருச ஜெயில்ல அரை மணி கொறஞ்சா ஒண்ணும் தெரியாது!"