பதின்மூன்றாம் விலங்கு

அடிநோக்கி அன்று காலை கொடுத்த பட்டியலில் பதின்மூன்று விலங்குகள் இருந்தன. கொட்டடியில் இருந்தவை பன்னிரண்டு குட்டைப் பன்றிகள். பராமரிப்பாளன் இசக்கிமுத்து இரண்டு தடவை எண்ணிவிட்டான். பதினோரு வருஷமாகப் பன்றிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் அவன். தலையை எண்ண வேண்டி வந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடிநோக்கி என்பது காலடிகளை அளந்து எழுதும் கொட்டடித் தரைதான். விண்நிலைய வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கலாம் என்பதைத் திருச்செந்தூருக்குத் தெற்கே இருந்த இந்த ஆய்வுக்கூடத்துப் பன்றிகள்தான் முடிவு செய்தன. முதுகில் கதிர் வாங்கிய பன்றி மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காததுபோல் தின்று திரியும். ஒருநாள் பின்னங்கால் எழும்பாது. அதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே தண்டுவட நரம்புகளின் உறை தேய்ந்து, கால் மயிரிழை தாமதமாகத் தரையில் விழத் தொடங்கும். அதைத் தரை கண்டுபிடித்துவிடும். உடனே உறைமருந்து போட்டால் கால் பிழைக்கும். கால் விழுந்தபின் போடுவது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

ஆய்வை நடத்தும் டாக்டர் பெனிட்டா ரொட்ரிகோ திரையைப் பார்த்தார். பதின்மூன்றாம் எண்ணுக்கு நேரே சிவப்பு, கால் பிந்துகிறது என்று.

“எலி கிலி ஓடியிருக்கும் டாக்டர்.”

“அறுபத்துநாலு கிலோவுலயா? அதுவும் ரெண்டு கால்ல நடக்குது.” அவர் இன்னும் பின்னால் தள்ளிப் பார்த்தார். “ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து வருது. சிவப்பு விழுந்தது இன்னிக்குத்தான்.”

சொல்லிவிட்டு அவன் பாதங்களைப் பார்த்தார். வெறும் பாதங்கள்.

ஆயுத பூஜையன்று அவன்தான் தரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பொட்டு வைத்த தரையைச் செருப்போடு மிதிக்க மனம் வராமல் அன்றிலிருந்து ரப்பர் செருப்பை வாசலிலேயே விட்டான். ரப்பர் அடி மனுஷன், வெறும் அடி விலங்கு என்றுதான் அந்தத் தரைக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

“அப்ப அந்தச் சிவப்பு உங்க காலு. மத்தியானம் எங்க இருந்து சாப்பிடுதிய?”

“கதிர் அறைச் சுவத்துல சாஞ்சுதான். நல்லா குளுந்து கெடக்கும்.”

மத்தியானம்தான் உள்ளே கதிர் பாய்ச்சும் நேரம். அந்த நேரம் வந்ததும் பெனிட்டா கதிர் அளவுமானியை அந்தச் சுவரில் வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தவன் முதுகு படுகிற உயரத்தில் மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. மானி அலறியது. இசக்கிமுத்துவின் மார்பில் குத்தியிருந்த கதிர்ப்பட்டை மட்டும் பச்சையாகவே இருந்தது. முதுகு வாங்கியது அதற்கு எப்படித் தெரியும்?

“எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர்.”

“பன்னிக்கும் ஒண்ணும் செய்யாது. அஞ்சு மாசத்துக்கு.”

அவன் கை நீட்டிக் காட்டினான். “மருந்துதான் அந்தா பெட்டியில இருக்கே.”

“மனுஷனுக்குப் போட அனுமதி வர நாலு வருஷம் ஆகும்.” அவர் தலைமையகத்தைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு ஃபோனை வைத்தார். “பட்டை பச்சைன்னா விபத்தே நடக்கலையாம்.”

கதவில் விலங்கு நல விதி தொங்கியது. மாட்டியவனே இசக்கிமுத்துதான். சிவப்பு விழுந்த எந்த விலங்குக்கும் ஏழு நாளுக்குள் மருந்து போட வேண்டும், தவறினால் கூடத்துக்குச் சீல். அவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“இதுல எத்தன காலுன்னு போடல டாக்டர்.”

பெனிட்டாவும் போய் அந்த விதியைப் படித்தார். பிறகு விலங்குக்கு மருந்து போடும் படிவத்தை எடுத்து நிரப்பினார். எண் பதின்மூன்று. எடை அறுபத்துநாலு. இனம் என்ற இடத்தில் பேனா நின்றது. அப்புறம் ‘மனிதன்’ என்று எழுதி அவனிடம் நீட்டினார்.

“வெலங்கு கையெழுத்துப் போட முடியாது. பராமரிப்பாளர் போடணும்.”

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி அச்சடித்திருந்தது. ஆய்வு முடிந்ததும் விலங்கைக் கொன்று தண்டுவடத்தை எடுத்துச் சோதிக்கச் சம்மதிக்கிறேன்.

“இத அடிச்சிரலாமா?”

“அடிச்சா படிவம் செல்லாது. இத வச்சு உங்கள ஒருத்தரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க இசக்கி. சும்மா அச்சடிச்ச வரி.”

பன்றிகளுக்கு அது சும்மா வரி அல்ல என்பது அவனுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக ஒவ்வொன்றுக்கும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் அவன்தானே. கால் வேண்டும். இதற்கும் போட்டான்.

மருந்து போட்டுக்கொண்டு தீவனத் தொட்டியண்டை போனான். பன்னிரண்டும் அவன் கூப்பிடுவதற்காகக் காத்து நின்றன. அன்று பேர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.