நாலாவது ராடு

போடி ஊர் மெக்கானிக் பட்டறை பக்கீர் முகம்மது ஒரு கனெக்டிங் ராடைத் தட்டினால் போதும்... அதனால் சாகப்போகிறவன் ஊர், பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிடுவார்!

1956-ல் அதை நம்பாத ஒரே ஆள், ஏட்டு மொக்கச்சாமி.

"அப்ப ஸ்டேசன இழுத்துப் பூட்டிட்டு இங்கயே உக்காந்துக்கிறேன், பாய்."

ஏலக்காய்த் தோட்ட முதலாளி ராக்கையாவின் ஜீப், பட்டறையில் குடல் சரிந்து கிடந்தது. பிஸ்டனைக் கிராங்கோடு பிணைக்கும் நாலு இரும்புக் கைகள் வெளியே... கம்பெனி ராடுகள். பத்து வருடம் மலை ஏறியவை.

பக்கத்தில் ராக்கையாவின் மச்சினன் ஜக்கையன் வாங்கி வந்த நாலு புதுசு. கம்பெனி முத்திரை இல்லை. வெள்ளிப் பெயின்டில் மின்னின.

"பழசத் தூக்கி எறிங்க பாய். நாளைக்கு மச்சான் தனியா மலையேறி மெட்டுக்குப் போறாரு. வெரசா புதுச மாட்டுங்க."

சொல்லிவிட்டு ஜக்கையன் டீ குடிக்கப் போனான்.

பக்கீர் ஒவ்வொரு ராடையும் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினார்.

பழசு நாலும்... டிங். பக்கத்து ஊர் சிலமலை வரை கேட்டது.

புதுசில் மூன்று... டிங்.

நாலாவது... டொக்.

பெயின்டைச் சுரண்டினார். கழுத்தில் ரம்ப வெட்டு. ஈயம் பூசி மறைத்திருந்தது.

"இறக்கத்துல வேகம் பிடிச்சா ஒடியும். இன்ஜினக் கிழிச்சிட்டு வெளிய வரும், வண்டி பள்ளத்துல. ராக்கையாவுக்குப் பிள்ளை இல்ல... தோட்டம் யாருக்குப் போகும், ஏட்டய்யா?"

"சம்சாரத்துக்கு. அப்புறம்... அவ தம்பி ஜக்கையன் கைக்கு." ஏட்டின் குரல் இறங்கியது. "ஆனா கடைக்காரன் வேலையாவும் இருக்கலாம். ராடு சாட்சி சொல்லாது பாய்."

"சொல்ல வைக்கிறேன்."

மறுநாள் காலை. ஜீப் உறுமியது.

"புதுசு நாலும் மாட்டியாச்சு," என்றார் பக்கீர். "தம்பி, நீங்களும் ஏறுங்க. மெட்டு வரைக்கும் ட்ரயல்."

"எனக்குச் சோலி இருக்கு பாய்..."

"அட, ஏறு மாப்ளே. நீ வாங்குன ராடுதான?" விஷயம் தெரியாத ராக்கையா கையைப் பிடித்து இழுத்தார்.

ஸ்டீயரிங்கில் பக்கீர். பின்சீட்டில் ஏட்டு.

மலை உச்சி போடிமெட்டில் குளிரில் பல் கிட்டித்தது. ஜக்கையன் சட்டையோ வியர்வையில் தொப்பல்.

திரும்பினார்கள். இறக்கம்.

பக்கீர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். முதல் கொண்டை ஊசி வளைவு... இரண்டாவது...

"மெதுவா, பாய்..."

"எதுக்கு? புது ராடு."

மூன்றாவது...

"ஒடிஞ்சிரும் பாய்! நாந்தான் அறுத்தேன்... நிறுத்துங்க!"

கத்திக்கொண்டே குதித்தான்.

பக்கீர் நிதானமாக பிரேக் போட்டார். "உள்ள இருக்கிறது பழைய கம்பெனி ராடு. அந்தப் புதுசு பட்டறையிலயே தொங்குது."



பள்ளத்தில் முனகியவனை எட்டிப் பார்த்தார் ஏட்டு. தொப்பியைக் கழற்றினார்.

"ஒத்துக்கிறேன் பாய்... ராடு சாட்சி சொல்லிருச்சு. ரெண்டு கண்ணால பாத்தேன். ரிப்போர்ட்டுல இப்படி எழுதிக்கிறேன்... இன்ஜின் நல்லா இருக்கு, ஒடிஞ்சது மாப்ளையோட கால் மட்டுந்தான்."