சயாமிலிருந்து வந்த தலைவரி

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து, மெர்டேக்கா கொண்டாடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த மழைச் சாயங்காலத்தில், மலாக்காவின் காஜா பெராங் தந்தி நிலையத்தில் தனியாக இருந்த கணேசமூர்த்திக்கு, அனுப்பியவர் பெயரே இல்லாத ஒரு தந்தி வந்தது.

தந்தியின் முதல் வரியைத் தலைவரி என்பார்கள். எங்கிருந்து, எந்த ஊர் வழியாக, யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து அந்தந்த ஊர்க் கம்பியில் தள்ளிவிடுவதுதான் அவன் வேலை. உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. இதில் உள்ளே ஒன்றுமே இல்லை. தலைவரி மட்டும்: சயாம், வழி தம்பின்.

தம்பினிலிருந்து மலாக்கா வரைக்கும் கிடந்த தண்டவாளத்தை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் பெயர்த்துக் கொண்டுபோனான். சயாமில் ரயில் பாதை போட, கணேசமூர்த்தியின் அண்ணன் தேவதாஸையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டும் திரும்பவில்லை.

மேலதிகாரி சிஹாபுதீனுக்கு டெலிபோன் போட்டான்.

"எவனோ விளையாடுறான் தம்பி. சயாம்னு தலைவரி வந்தா வந்த வழியே திருப்பி விட்டுடு. அதையே ரூலா எழுதி ஒட்டிடு."

எழுதி ஒட்டினான். திருப்பி அனுப்பினான்.

மழை ஓட்டுக்கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, இயந்திரத்தின் எண்ணெய் வாடையோடு துருப்பிடித்த இரும்பின் வாடையும் நனைந்த காட்டு மண்ணின் வாடையும் மெல்ல அறைக்குள் ஏறிக்கொண்டிருக்க, டெலிபிரிண்டர் தானாகத் தட்டியது. சயாம், வழி தம்பின், அலோர் காஜா.

திருப்பினான்.

சயாம், வழி தம்பின், அலோர் காஜா, செங்.

ஒவ்வொரு தடவையும் ஓர் ஊர் கிட்டே வந்திருந்தது. செங்கில் தந்தி நிலையமே கிடையாது.

இயந்திரத்தின் விசைமேல் வைத்த விரல் நின்றது. அண்ணன் போன பிறகு வீட்டில் ஒரே தட்டு, ஒரே டம்ளர். இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

"அண்ணனா?" என்றான் இயந்திரத்திடம்.

ஒட்டிய ரூலைக் கிழித்தான்.

இயந்திரம் தட்டியது. வழி, காஜா பெராங். யாருக்கு, மூர்த்திக்கு.

பிறகு சத்தமில்லை. மழையும் இல்லை. வெளியே ஈரக் கால்கள். நிறைய.

கதவைத் திறந்தான்.

தேவதாஸ். போன அன்றைக்கு இருந்த அதே வயது. இப்போது தம்பியைவிடச் சின்னவன். தோளில் தண்டவாளம். அதன் மறுமுனையில் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் இன்னொரு தண்டவாளம், இன்னும் ஆட்கள். தெருமுனை வரை. அதற்கப்பாலும்.

"மூர்த்தி, வழி அனுப்புறவன் நீதானாமே. இவங்களுக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலடா."

"எ... எந்த ஊரு?"

தங்கள் ஊரைச் சொல்ல அத்தனை பேரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள்.

வாய் நிறைய மண்.