காற்றுப் பீரங்கியும் கால் செருப்பும்

அன்று பிற்பகல் நரசிம்மன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுத் தலைவர் நரசிம்மன், அவர் மனைவி செல்லம்மாள், கடைசி மகன் இளம்பரிதி, மகள் அம்சவல்லி, அவள் மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஆண் குழந்தை, மாப்பிள்ளை ராஜாமணி, பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையின் காவலாளி ராமன். துப்பறிய வந்த இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஊரே அங்கே கூடியிருந்தது என்று பிறகு பேசியவர்கள் அந்த வாசல்படியை மிதித்தவர்கள் அல்லர்.

1991ஆம் ஆண்டு, ஆடிக் கிருத்திகை. ஸ்ரீபெரும்புதூர்க் குண்டுவெடிப்பு நடந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, அங்கிருந்து ஒரகடம் வரை சைக்கிள் டயர் வெடித்தாலும் கதவைச் சாத்தினார்கள். விசாரணை என்று ஜீப்பில் ஏற்றப்பட்ட பிள்ளை எப்போது திரும்புவான் என்பது யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாளில், உச்சிவேளையில், ஏரிக்கரைப் பக்கம் இடி போல ஒன்று வெடித்தது. தொழிற்சாலைக் கிடங்கின் கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்புத் துண்டு ராமனின் கட்டிலில் வந்து விழுந்தது. ராமன் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தான்.

அந்த நேரம் ஏரிக்கரையில் நீண்ட குழாயோடு நின்றவன் இளம்பரிதி. பம்பு கம்பெனியில் ஃபிட்டர். லீவு நாளில் அவனுக்கு ஒரே பொழுதுபோக்கு, காற்றுப் பீரங்கி செய்வது. பிளாஸ்டிக் குழாயில் சைக்கிள் பம்பால் காற்றை ஏற்றி, வால்வைத் திறந்து, தென்னங்குரும்பையை ஏரிக்குள் எறிவான்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். நரசிம்மனின் முகத்துக்காகப் பையனை அப்போதே அழைத்துப் போகவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜீப்போட வருவேன் பெரியவரே. அது குண்டு இல்லேன்னா வேற என்னன்னு சொல்லுங்க. இல்லேன்னா மெட்ராஸுக்குத்தான் அனுப்பியாகணும்" என்று சொல்லி, இரும்புத் துண்டை ராமன் பொறுப்பில் விட்டுப் போனார்.

அதனால்தான் நரசிம்மன் படப்பைக்கு ஆளனுப்பித் தாண்டவராயனை வரவழைத்தார். தாண்டவராயன் தீ விபத்துகளை ஆராயும் இன்ஷூரன்ஸ் பரிசோதகராக இருந்து, பிறகு தனியாகத் துப்பறியும் தொழிலில் இறங்கியவர். ஸ்கூட்டரை ஓட்டி வந்தவன் அவருடைய உதவியாளன் ஸ்ரீதர். இருவரும் ஏரிக்கரையையும், கரை வளைவுக்கு மறைவில் வெடி நடந்த மேட்டையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளில் ஒன்றைத் தாண்டவராயன் குனிந்து எடுத்துப் பார்த்தார். இருந்தபடியே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நரசிம்மன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசலப் பாத்தவன் கிடையாது" என்றார். "உண்மை என்னவோ அதைக் கண்டுபிடிங்க."

"உண்மை எந்தப் பக்கம் போனாலுமா?"

"எந்தப் பக்கம் போனாலும்."

தாண்டவராயன் முதலில் ராமனைக் கேட்டார்.

"இன்னாத்த சார் சொல்றது? காது இன்னும் ஙொய்னு கீது. பட்டாசு நாத்தம் வேற. இந்தப் புள்ள தெனம் அந்தக் கொழாய வெச்சிக்கினு குறி பாத்துக்கினு இருக்கும். நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே!" ராமன் இரும்புத் துண்டை நீட்டினான். தாண்டவராயன் அதை முகர்ந்து பார்த்து ஸ்ரீதரிடம் கொடுத்தார்.

"நீங்க எங்க இருந்தீங்க மாப்பிள்ளை?"

ராஜாமணி முன்னால் வந்தார். "கோயில்லேர்ந்து வந்ததும் மோட்டார் ரூம் பக்கம் போனேன் சார். ஏரிக்கு முதுகு காட்டிக்கினு மடை திருப்பிக்கினு இருந்தேன். ஒண்ணும் பாக்கல. ரெண்டு காதையும் பொத்திக்கினேன், டமார்னுச்சு பாரு, குலையே நடுங்கிப்போச்சு."

"தம்பி, உன் பீரங்கியைக் கொண்டா."

இளம்பரிதி கொல்லையில் குழாயை நிமிர்த்தினான். முகத்தில் ரத்தமே இல்லை; ஆனாலும் வால்வில் கை பட்டதும் குரல் தெளிந்தது. "இதுல நெருப்பே கிடையாது சார். காத்து மட்டும்தான்." வால்வைத் திருப்பினான். 'தொப்' என்று ஒரு சத்தம். குரும்பை தென்னைக்கு மேலே பறந்தது. அம்சவல்லியின் மடியில் குழந்தை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

"இதுக்கா ஊரே ஓடிச்சு?" என்றான் ஸ்ரீதர்.

"குழாய் முழுக்கப் பிளாஸ்டிக். கட்டிலில் விழுந்தது இரும்பு, அதில் கந்தக வாசனை. பையனின் பீரங்கி இதைச் செய்யவில்லை" என்றார் தாண்டவராயன். "ஆனால் அதோடு நிறுத்தினால், பையன் வேறே குண்டு வைத்தான் என்பார்கள். வைத்தவர் யாரென்றும் சொல்ல வேண்டும்."

"ரெண்டு பேர் சார்!" ஸ்ரீதர் துள்ளினான். "வெடிச்ச மேட்டுகிட்ட சேத்துல பாத்தோமே. ஒருத்தன் செருப்புக்கால், ஒருத்தன் வெறுங்கால்."

"செருப்புக்கால் நின்ற இடத்தில்தான் வெறுங்கால் தொடங்குகிறது, ஸ்ரீதர். வெறுங்கால் திரும்பி வந்து முடிகிற இடத்திலிருந்து செருப்புக்கால் ஓடுகிறது. ஒரே ஆள். மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் செருப்பைக் கழற்றியிருக்கிறார். குண்டு வைக்கப் போகிறவன் எதற்குச் செருப்பைக் கழற்றுகிறான்?"

நரசிம்மன் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த மேட்டில் ஏறினால் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியும். வல்லக்கோட்டை முருகன் கோயில் கோபுரம்.

"சாமிக்குச் செய்கிறவன்தான் கழற்றுவான்" என்று தாண்டவராயன் தொடர்ந்தார். "மேட்டில் செங்கல் தூள் சிதறிக் கிடக்கிறது. அதிர்வேட்டு போடுகிறவர்கள் இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டு, மேலே செங்கல் தூளை இடித்துக் கெட்டியாக்குவார்கள். திருவிழாவில் எல்லோரும் பார்த்ததுதான். இந்த வருஷம் கோயிலில் வேட்டு கூடாதென்று போலீஸ் உத்தரவு. இந்த வீட்டிலோ இன்று காலைதான் பிள்ளைக்கு மொட்டை போட்டிருக்கிறார்கள்."

அம்சவல்லி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"செருப்பின் அடியில் சேறு எல்லாருக்கும்தான் இருக்கும். வாசலில் ஒரு ஜோடியில் மேல்பக்கம், பாதம் படுகிற இடத்தில் சேறு அப்பியிருக்கிறது. சேற்றுக் காலை அவசரமாக உள்ளே நுழைத்தவருடைய செருப்பு. அப்புறம் ஒரு பேச்சு. ஏரிக்கு முதுகு காட்டி நின்றவர், ஒன்றும் பார்க்காதவர், காதைப் பொத்திக்கொண்ட பிறகு 'டமார்' என்றது என்கிறார். வெடிக்கப் போவது எப்படித் தெரியும்? திரியில் நெருப்பு வைத்தவனுக்குத்தான் தெரியும்."

ராஜாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரசவத்தப்போ ரெண்டு உசுருல ஒண்ணுதான் தேறும்னாங்க மாமா. ரெண்டும் தேறுனா மூணு வேட்டு போடறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். கோயில்ல முடியாதுன்னுட்டாங்க. கோபுரம் கண்ணுல படற எடத்துல, தீபாராதனை நேரத்துல போட்டாப் போதும்னு நெனச்சேன். பழைய கொழாய், மொத வேட்டுக்கே பொளந்துடுச்சு. மிச்சத்தக் கெணத்துல போட்டுட்டேன்."

"யோவ், அது என் தலைல விழுந்திருந்தா?" என்றான் ராமன்.

"அய்யோ, தெரியாது அண்ணே. மச்சானைப் புடிப்பாங்கன்னும் தெரியாது. ஜீப்புன்னு சொன்னதும் வாயே வரல."

"என்னை ஏத்திக்கினு போற வரைக்கும் வராதா மாமா?" என்று ராஜாமணியைக் கேட்டான் இளம்பரிதி.

செல்லம்மாள் கணவனைப் பார்த்தாள். ஒரு பக்கம் மகன். இன்னொரு பக்கம் மகளின் தாலி, மூன்று மாதக் குழந்தை.

"நான் கண்டது உங்களுக்கு. இன்ஸ்பெக்டரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம்" என்றார் தாண்டவராயன். "ஆனால் இதை மறைத்தால் பையனை என்னால் காப்பாற்ற முடியாது."

"நைனா, அவரு வேணும்னு செய்யல" என்றாள் அம்சவல்லி அப்பாவிடம். "போலீஸ் நம்பலேன்னா? ரெண்டு பேரையும் இட்டுக்கினு போயிட்டா?"

அந்தப் பயம்தான் எல்லோருக்கும். ஒரகடம் ரோட்டில் ஒரு வண்டி கியர் மாற்றியது. கூடத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அது மணல் லாரி, தாண்டிப் போய்விட்டது.

ராஜாமணி எழுந்தார். சட்டையை மாட்டினார். குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டுவிட்டு வாசலில் இறங்கினார். செருப்பைப் போடவில்லை. "ஜீப்பு இங்க வர வேணாம் மாமா. நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

"இருங்க மாப்ள." நரசிம்மன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் வரேன்."

கிணற்றிலிருந்து எடுத்த உடைந்த குழாயோடு ராமனின் துண்டு பொருந்தியது. தடையை மீறி வேட்டு போட்டதற்கு வழக்கு எழுதினார்கள். ராஜாமணி ஓர் இரவு ஸ்டேஷன் பெஞ்சில் இருந்துவிட்டு மறுநாள் வீடு திரும்பினார். இளம்பரிதியை யாரும் தொடவில்லை.

மகனை மீட்பதற்காக நரசிம்மன் மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தார் என்று படப்பை வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மாப்பிள்ளை முன்னால் நடந்தார். நரசிம்மன் கூட நடந்தார். நடந்தது அவ்வளவுதான்.