நாலாவது நீச்சல் உடுப்பு

மூதூரில் ஜெஸ்மின் வீட்டில் அந்தக் கிழமை முழுக்க ஒரே கதைதான். பெருநாள் லீவில் எல்லோரும் திருகோணமலை டவுனுக்குப் போகப்போகிறார்கள். கடை பார்க்க அல்ல, கோட்டை பார்க்கவும் அல்ல. புதிதாகத் திறந்திருக்கும் ‘நீலத்திரை’ வோட்டர் பார்க்குக்கு!

அங்கே போகாமலே அதைப் பற்றி ஜெஸ்மினுக்கு எல்லாம் தெரியும். பெரிய மண்டபமாம், மேலே கூரையாம். வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே தன் பாட்டுக்கு நீந்தலாமாம். சின்னவர்களுக்குக் குஞ்சுத் தடாகம், பெரியவர்களுக்குப் பெரிய தடாகம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரை உயரத்துக்கு ஒரு நீலச் சறுக்கு. அது மூன்று தடவை வளைந்து வந்து, ஆளைத் தொப்பென்று தண்ணீரில் போடுமாம். வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளை போய் வந்து சொன்னது. போய் வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் நடையே வேறு.

ஜெஸ்மினுக்குப் பத்து வயது. எதையும் எழுதி வைத்துத்தான் செய்வாள். பெருநாள் வளையலுக்கே பட்டியல் போட்டவள் இதைச் சும்மா விடுவாளா? கொப்பியின் நடுத்தாளைப் பிரித்து எடுத்து, வடிவாக எழுதி, குசினிச் சுவரில் ஒட்டினாள்.

‘ஞாயிறு காலை எட்டு மணி – முத்தலிப் மாமாவின் ஓட்டோ.
வாப்பா – பெரிய தடாகம், பிறகு நீலச் சறுக்கு.
ஜெஸ்மின் – நீலச் சறுக்கு. திரும்பவும் நீலச் சறுக்கு. பிறகும் நீலச் சறுக்கு.
முனீப் – குஞ்சுத் தடாகம்.
உம்மா – பை பார்த்துக்கொள்வது.’

தம்பி முனீப்தான் முதலில் சண்டைக்கு வந்தான். “எனக்கு ஏன் குஞ்சுத் தடாகம்? நான் குஞ்சா, ராத்தா?”

“ஆறு வயசு எண்டா குஞ்சுதான். பேசாம இரு.”

வாப்பா முனாஸ் கடலுக்குப் போகிறவர். அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “முக்கியமானதை விட்டுட்டியே மகள். ரெண்டு கேன் நல்ல தண்ணி எழுது,” என்றார்.

அந்த வீட்டில் யார் கடலில் குளிக்கப் போனாலும் கிணற்றுத் தண்ணீர் கூடவே போகும். உப்பைக் கழுவாமல் ஒருவரும் வீட்டுக்குள் கால் வைக்க ஏலாது.

“வாப்பா, அது கடல் இல்ல. அங்க உப்பே இல்ல.”

“அவ்வளவு தண்ணியிலயும் உப்பு இல்லையா? ஆருக்குக் கதை விடுறாய்? எழுது, எழுது!”

ஜெஸ்மின் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

உம்மா ரபீக்காவும் வந்து பட்டியலைப் பார்த்தார். ஆறு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அங்க தண்ணி எவ்வளவு ஆழமாம், புள்ள?”

“பெரிய தடாகத்தில ஒரு பக்கம் எனக்கு நெஞ்சு மட்டும்தானாம். ஏன் உம்மா?”

“சும்மா கேட்டன்,” என்று சொல்லிவிட்டு உம்மா தையல் மெசினடிக்குப் போய்விட்டார்.

நீலத்திரையில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுச் சட்டையோடும் சாரத்தோடும் தண்ணீருக்குள் இறங்க ஏலாது. நீச்சல் துணியில் தைத்த உடுப்புத்தான் போட வேண்டும். அந்தத் தெருவுக்கே உடுப்புத் தைத்துக் கொடுப்பவர் உம்மா, அவருக்கு இது ஒரு வேலையா? பட்டியல் சுவரில் ஏறுவதற்கு முதல் நாளே கருநீலத் துணி வாங்கி வந்து வெட்டியும் விட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் ஜெஸ்மினுக்குப் பொறுக்கவில்லை. தன் உடுப்பு முடிந்துவிட்டதா என்று தையல் கூடையைக் கிளறினாள். இருந்தது! கைகளில் வெள்ளைக் கரை வைத்த அழகான நீச்சல் உடுப்பு. அதற்குக் கீழே முனீபின் குட்டி உடுப்பு. அதற்கும் கீழே வாப்பாவின் நீளக் கால்சட்டை.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. பாதி தைத்து, ஊசியும் நூலும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நீளமான கை, நீளமான கால், தலையை மூட ஒரு தொப்பியும். ஜெஸ்மின் அதைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். கால்கள் நிலத்தில் இழுபட்டன.

“உம்மா, இது ஆருட?”

உம்மா திரும்பிப் பார்த்தார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “அதா? துணி மிஞ்சிச்சு.”

“மிஞ்சின துணியில தலைக்கும் சேர்த்தா வெட்டுவாங்க?”

உம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “முதல்ல நானும் ஒருக்கா இறங்கிப் பார்ப்பமே எண்டு நினைச்சன். அங்க ஆம்பிளையளும் நிப்பாங்கதானே, எனக்கு ஏலா புள்ள. பை பார்க்கவும் ஒரு ஆள் வேணும். நீயே எழுதியிருக்கிறாய்.”

உம்மா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெஸ்மினுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதும்போது உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. கடற்கரைக்குப் போனால் உம்மா பையோடு இருப்பார், செருப்புகளை அடுக்கி வைப்பார், துவாயை நீட்டுவார். எப்போதும் அப்படித்தான் என்பதால் அப்படியே எழுதிவிட்டாள்.

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா, உம்மா?”

“எங்க! முழங்காலுக்கு மேல தண்ணி பட்டதே இல்ல.”

“அப்ப ஏன் ஆசை?”

உம்மா அந்தப் பாதி உடுப்பை மடித்தபடி சொன்னார்: “வாப்பா கடலுக்குப் போற நேரம் எல்லாம் நான் கரையில நிண்டு பார்த்துட்டு வாறன். அவரைத் தூக்கி வைச்சிருக்கிற தண்ணி எப்பிடி இருக்கும் எண்டு ஒரு நாளைக்கு நானும் தெரிஞ்சுகொள்ளணும். அவ்வளவுதான்.”

ஜெஸ்மினுக்கு அழுகை வரும்போல இருந்தது. வாப்பாவின் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நீலத்திரையின் நோட்டீஸில் இருந்த நம்பரை அழுத்தினாள்.

“வணக்கம், நீலத்திரை. நான் சுதர்சிகா கதைக்கிறன்.”

“மிஸ், பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு ஏதும் நேரம் இருக்கா?”

“ஓம், இருக்கு. ஞாயிறு காலமை ஒன்பதில இருந்து பதினொண்டு வரைக்கும். திரை எல்லாம் இழுத்து மூடிடுவம். ஏழு வயசுக்குக் குறைஞ்ச ஆம்பிளைப் பிள்ளையள் மட்டும் அம்மாவோட வரலாம். நீந்தத் தெரியாதவைக்கு நான்தான் பழக்கிறனான்.”

ஜெஸ்மின் துள்ளிக் குதித்தாள். குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. “மிஸ், அப்ப நீலச் சறுக்கு?”

“அது அந்த நேரம் ஓடாது, தங்கச்சி. அதைப் பார்க்கிற அண்ணாமார் பதினொண்டரைக்குத்தான் வருவினம். சனிக்கிழமை எண்டா காலமையிலயே ஓடும், ஆனா அண்டைக்குப் பொம்பிளையளுக்கெண்டு தனி நேரம் இல்லை.”

ஞாயிறு பதினொன்றரைக்கு அவர்கள் திரும்பும் வழியில் இருப்பார்கள். முத்தலிப் மாமாவுக்குப் பகல் ஒரு மணிக்குக் கல்யாண வீட்டு ஓட்டம் இருந்தது. திங்கட்கிழமை வாப்பாவுக்குக் கடல். இந்த லீவில் ஒரு நாள்தான் போகலாம்: சனி என்றால் சறுக்கு, ஞாயிறு என்றால் உம்மா.

ஜெஸ்மின் கிணற்றுக் கட்டில் போய் உட்கார்ந்தாள். மூன்று வளைவு! கூரை உயரம்! பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? ‘உம்மா வழமையாகப் பை பார்க்கிறவர்தானே, இன்னொரு நாளும் பார்த்தால் என்ன?’ என்றுகூட நினைத்துவிட்டாள். நினைத்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. விறுக்கென்று எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தாள்.

வாப்பா தேத்தண்ணி குடிக்கக் குசினிக்கு வந்தபோது சுவரில் புதுப் பட்டியல் இருந்தது.

“என்னது? வாப்பா, பை பார்த்துக்கொள்வதா?” அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அநியாயம்! ஒரு கிழமையா அந்தச் சறுக்கை நினைச்சுக்கொண்டு இரிக்கன். ஏன் மகள், நான் என்ன குற்றம் செய்தன்?”

ஜெஸ்மின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய், கூடையின் அடியில் இருந்த உடுப்பைக் காட்டினாள். உம்மா சொன்னதையும் அப்படியே சொன்னாள்.

வாப்பா அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். வலை இழுத்துக் காய்த்துப்போன விரல்களால் தையலைத் தடவிப் பார்த்தார். “இவ்வளவு காலமும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே,” என்றார். பிறகு வீடு அதிரக் கூப்பிட்டார். “ரபீக்கா! இந்த உடுப்பு எப்ப முடியும்? ஞாயிறு வருகுது!”

அன்றைக்கு அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் தையல் மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிறும் வந்தது. நீலத்திரை வாசலில் சுதர்சிகா மிஸ் நின்றிருந்தார். வாப்பா ஓட்டோவிலிருந்து இரண்டு கேன்களையும் இறக்கினார்.

“இது என்ன, ஐயா?”

“நல்ல தண்ணி. உப்புக் கழுவ.”

“உள்ளுக்கு உப்பு இல்லை, ஐயா. குளிக்கக் குழாயும் இருக்கு.”

வாப்பா நம்பவில்லை. “இருக்கட்டும் தங்கச்சி, எதுக்கும் கிட்ட இருக்கட்டும்,” என்று வெளியே ஒரு கதிரையைப் போட்டு, கேன்களுக்கும் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனதும் மூன்று பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள். எவ்வளவு உயரமான கூரை! எவ்வளவு தெளிவான தண்ணீர்! அடியில் பதித்த ஒவ்வொரு ஓடும் தெரிந்தது. ஓரத்தில் நீலச் சறுக்கு காய்ந்துபோய் நின்றது. ஜெஸ்மின் அதை ஒருமுறைதான் பார்த்தாள். சரி, மூன்று முறை.

உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல் படியில் கணுக்கால். மூன்றாம் படியில் முழங்கால். அங்கே நின்றுவிட்டார்.

“இவ்வளவு தண்ணி எனக்குத் தெரியும்,” என்றார். “இதுக்குக் கீழ தெரியாது.”

ஜெஸ்மின் கையை நீட்டினாள். உம்மா ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, அடுத்த படியில் கால் வைத்தார். பிறகு அடுத்ததில். இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றதும் மற்றப் பெண்கள் சிலர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

“பின்னால சாயுங்கோ, அன்ரி. காது ரெண்டும் நனையட்டும். வானத்தைப் பார்க்கிற மாதிரி,” என்றார் சுதர்சிகா மிஸ்.

“இங்க வானம் எங்க இருக்கு?”

“அப்ப கூரையைப் பாருங்கோ!”

உம்மா சாய்ந்தார். உடம்பு இரண்டாக மடிந்து முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டார். இருமிக்கொண்டு எழும்பினார். மூக்கெல்லாம் தண்ணீர், கண்ணெல்லாம் சிவப்பு. ‘போதும் புள்ள, நான் பையடிக்குப் போறன்’ என்று சொல்லிவிடுவாரோ என்று ஜெஸ்மினுக்குப் பக்கென்றது.

உம்மா முகத்தை வழித்தார். “இன்னொருக்கா,” என்றார்.

இரண்டாம் தடவையும் தாழ்ந்தார். மூன்றாம் தடவையும் அதே கதைதான். குஞ்சுத் தடாகத்திலிருந்து முனீப் கத்தினான்: “பயப்படாதீங்க உம்மா, நான் இரிக்கன்!”

ஜெஸ்மின் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு வாப்பா நீந்தப் பழக்கியபோது, ஒரு தடவை மூக்கில் தண்ணீர் போனதற்கே இரண்டு நாள் கடல் பக்கம் போகாதவள் அவள். உம்மாவோ ஒவ்வொரு தடவையும் இருமி முடிக்கும் முன்பே அடுத்ததுக்குச் சாய்கிறார். இப்படி ஒரு ஆளையா பையோடு உட்கார வைக்கப் பார்த்தோம் என்று நினைத்தாள்.

ஐந்தாவது தடவை உம்மாவின் கால்கள் மெல்ல மேலே வந்தன. முதுகுக்குக் கீழே ஜெஸ்மினின் ஒரு கை. மற்றக் கையை உம்மா நோக நோக இறுக்கிப் பிடித்திருந்தார்.

“விட்டிராத, புள்ள.”

“விடமாட்டன், உம்மா.”

“விட்டிராத.”

“இல்ல, உம்மா!”

உம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மெதுவாக வந்தது. அந்தப் பிடியும் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

“இப்ப விடு,” என்றார் உம்மா.

ஜெஸ்மின் இரண்டு கைகளையும் எடுத்தாள். உம்மா தாழவில்லை. கருநீல உடுப்பு காற்றில் ஆடுவதுபோல் தண்ணீரில் ஆட, கைகளை அகல விரித்துக்கொண்டு மிதந்தார். தண்ணீர் அவரைத் தூக்கி வைத்திருந்தது. சுதர்சிகா மிஸ் கைதட்டினார்.

காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால், தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“ஜெஸ்மின்! கூரையில இருபத்தி ரெண்டு லைட்டு இருக்கு! நான் எண்ணிட்டன்!”

எல்லாப் பெண்களும் அண்ணாந்து பார்த்து எண்ணத் தொடங்கினார்கள். ஜெஸ்மின் மட்டும் எண்ணவில்லை. அவளுக்கு உம்மாவைப் பார்க்கவே நேரம் போதவில்லை.